பதினொரு பசுமையும் ஒரே கரண்டியில்

மார்ச்சு 4, செவ்வாய்

கூடியிருக்கும் பெரியோரே, தாய்மாரே, உழைத்துக் களைத்து வந்து நிற்கும் தோழர்களே! நம் வாய்க்குள் போவது இன்னதென்று அறியும் உரிமையை நம்மிடமிருந்து பறித்துவிட்டார்கள். எண்ணெயில் என்ன கலந்தான், மாவில் என்ன சேர்த்தான், எவனும் சொல்வதில்லை. கேட்டால் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று விடை சொல்ல வந்திருக்கிறோம்.

முப்பதாம் நாள் திடலில் இப்படித் தொடங்கலாம் என்றிருக்கிறேன். நுகர்வோர் மன்றம் கலப்படத்தை எதிர்த்துக் கூட்டம் போடுகிறது. முதன்மை உரை என்னுடையது. அறையில் நான் ஒருவன்தான் என்றாலும் கையை உயர்த்தித்தான் சொல்லிப் பார்த்தேன். முன்னறையில் தையல் பொறி நின்றது.

"யாருடா உள்ளே, கூட்டமா?" என்றாள் அக்கா.

நான்தான் என்றேன்.

"அதானே. கைதட்டல் கேக்கலையேன்னு பார்த்தேன்."

பொறி மீண்டும் ஓடத் தொடங்கியது. என் உரைகளுக்கு முதல் செவி அவளுடையது. அத்தான் மறைந்த பின் வீட்டின் முன்னறையைத் தையற்கடை ஆக்கினாள், பின்னறை எனக்கு. முப்பது ஆண்டுகளாக நான் எந்த மேடையில் ஏறினாலும் முதல் வரிசை ஓர நாற்காலியில் இருப்பாள். முடிந்ததும் ஒரே ஒரு குறை சொல்வாள். பெரும்பாலும், "நடுவுல மூச்சு முட்டுச்சுடா."

இரண்டு வாரமாக அவள் முகம் வாடியிருக்கிறது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். சத்துப்பொடியைத் தவறாமல் குடி என்று சொன்னேன். குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள்.

மார்ச்சு 7, வெள்ளி

சத்துப்பொடி செய்யும் நண்பர், மாவு ஆலைக்காரர், புதுச் சரக்கு அனுப்பியிருக்கிறார். மேசைமேல் ஆறு டப்பா. (பேழை என்று பெயரிட்டவன் நான். ஊரே டப்பா என்கிறது. என் நாட்குறிப்பில் மட்டுமாவது ஊரோடு ஒத்துப் போகிறேன்.)

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. மாவு மட்டும் அரைத்துக்கொண்டிருந்த அவர் ஓராண்டுக்கு முன் இந்தச் செடிவழிச் சத்துப்பொடியைத் தொடங்கியபோது, "அண்ணே, டப்பாவுல தமிழ் உங்களோடதா இருக்கணும்" என்று கேட்டு வந்தார். பணமெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பசும்பாசி, பட்டாணி, பைங்கீரை, பசுந்தேயிலை என்று ஒலி ஒன்றையொன்று கைபிடித்து ஓடும். கீழே, "பதினொரு பசுமையும் ஒரே கரண்டியில்." அந்த வரியை மேடையில் சொன்ன அன்று கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

மார்ச்சு 9, ஞாயிறு

அக்கா கடையைத் திறக்கவில்லை. உடம்பெல்லாம் அரிக்கிறதாம். துணித்தூசி என்கிறாள்.

மார்ச்சு 12, அறிவன்கிழமை (ஊர் வாயில் புதன்)

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்தான் முதலில் கண்டாள். "அக்கா, உங்க கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" நாள்தோறும் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவன் நான். எனக்குத் தெரியவில்லை. பேசுகிறவன் பார்ப்பதில்லை போலும்.

மருத்துவர் இளையவர், நிதானமானவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று கேட்டார். மருந்து எதுவும் இல்லை என்றாள் அக்கா. எதுவுமே இல்லை என்று நானும் அழுத்தமாகச் சொன்னேன். குருதி எடுத்தார்கள்.

மார்ச்சு 13, வியாழன்

நாற்பதுக்குள் இருக்கவேண்டிய ஓர் எண் ஆயிரத்து நூற்று நாற்பது இருக்கிறது. கல்லீரல் உடைந்து கசிவதைக் காட்டும் எண்ணாம். எழுத்தைக் கண்டு அஞ்சியதில்லை நான். எண்ணைக் கண்டு இன்று அஞ்சினேன்.

மார்ச்சு 15, காரிக்கிழமை (ஊர் வாயில் சனி)

தொற்றுக் கிருமி எதுவும் இல்லை. பித்தப்பையில் கல் இல்லை. குடிப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா சிரித்துவிட்டாள். "டீ குடிப்பேன் டாக்டர், அதுவும் பாதி கப்." இந்த நிலையிலும் அவளுக்கு வாய் இருக்கிறது. பிறகு என்னதான்? காரணமில்லாமல் ஓர் உறுப்பு கெடுமா?

அரிப்புக்குப் பூச்சு வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடை நடத்தும் அம்மையாருக்கு என் உரைகள் பிடிக்காது, நேரிலேயே சொல்லியிருக்கிறார். செய்தியைக் கேட்டுவிட்டு, பொடி, கசாயம், சத்து மாவு, எதுவும் எடுக்கிறாரா என்று கேட்டார். பொடி உண்டு, ஆனால் அது மருந்தில்லை, இலை தழைதான் என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அரளியும் இலை தழைதான் ஐயா."

எனக்குச் சினம் பொங்கியது. அவரோ கண்டுகொள்ளவில்லை. அந்தப் பொடியை உடனே நிறுத்துங்கள், மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார்.

நிறுத்தினோம். காட்டினோம். மருத்துவர் டப்பாவைப் படித்தார். "பசுந்தேயிலை-னு போட்டிருக்கு. சும்மா இலையா, இல்ல எக்ஸ்ட்ராக்டா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

தெரியாதா? பொய் சொல்லவில்லை. எழுதி ஓராண்டு ஆகிறது. உண்மையிலேயே நினைவில்லை.

மார்ச்சு 16, ஞாயிறு

ஆலைக்குப் போனேன். அரைவைப் பொறியின் இரைச்சலில் கத்தித்தான் கேட்டேன்: எதைக் கலந்தாய்? ஈயம் இருக்கிறதா? வலிமாத்திரையைப் பொடித்துப் போட்டாயா? பச்சை நிறம் கூட்டச் சாயம் ஊற்றினாயா?

ஆலைக்காரர் பொறியை நிறுத்தச் சொன்னார். மாவு படிந்த புருவம். கண் மட்டும் சிவந்திருந்தது.

"அண்ணே, என் வீட்டுலயும் இதைத்தான் குடிக்கிறோம். செய்முறைச் சீட்டுல இருந்ததைத்தான் போட்டேன். ஒரு துளி கூடக் கலக்கல."

நம்பவில்லை. பிரிக்காத டப்பா ஒன்றை அவர் கையாலேயே எடுக்க வைத்து ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு நாள் ஆகுமாம்.

மார்ச்சு 18, செவ்வாய்

உரை தானாக வருகிறது. 'பச்சை நிறத்தைப் பூசிக்கொண்டு வந்திருக்கும் நஞ்சே!' நான்கு தாள் நிரப்பினேன். நண்பன் என்றும் பாரேன். பெயர் சொல்வேன்.

ஆனால் ஒன்று குடைகிறது. அதே பொடியை ஓராண்டாக நானும் குடிக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுவதே தாமதம். பகலுணவுக்குப் பின் ஒரு கரண்டி. அக்காவோ விடியலில். அதனாலா? ஒரே டப்பா, ஒரே வீடு. நஞ்சுக்கு ஆள் பார்க்கத் தெரியுமா?

மருந்துக்கடை அம்மையாரைக் கேட்டேன். ஒருவர் உடம்பு போல இன்னொருவர் உடம்பு இருக்காது என்றார். மஞ்சளோடு மிளகு சேர்ந்தால் உடம்பு அதைப் பன்மடங்கு உறிஞ்சுமாம். அதுவும் சிலருக்கு ஆகாதாம். பட்டாணி, தவிடு, பாசி எல்லாம் மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயத்தை இழுத்துக்கொள்ளக்கூடுமாம். தேயிலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு, அதன் சாரத்தை இறுக்கிப் பொடியாக்கி விழுங்குவது வேறாம். எதுதான் என்று கேட்டேன். "ஆய்வு வரட்டும் ஐயா. அதுக்குள்ள தீர்ப்பு எழுதாதீங்க."

நான்கு தாள் எழுதியாயிற்றே.

மார்ச்சு 20, வியாழன்

அக்காவை மருத்துவமனையில் சேர்த்தோம். குருதி உறைய நேரம் பிடிக்கிறதாம்.

மார்ச்சு 21, வெள்ளி

செவிலியர் அரைநாளுக்கு ஒருமுறை வந்து அக்காவிடம் இன்று என்ன கிழமை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். தடுமாறினால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றுக் கல்லீரல் வரை பேச வேண்டியிருக்கும் என்று மருத்துவர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார்.

உள்ளே வந்தபோது அக்கா செவிலியரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்னைக் கேட்டது போதும்மா. அதோ வர்றான் பாரு, அவனைக் கேளு. முப்பது வருசமா அவனுக்குத்தான் கிழமை தெரியாது."

சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். போயிடாதேக்கா.

மார்ச்சு 22, காரிக்கிழமை

வெள்ளிக்கிழமை என்றாள். பிறகு, "இல்ல, சனி" என்றாள். செவிலியர் எதையோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார்?

மார்ச்சு 24, திங்கள்

எண் எண்ணூற்று எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. பொடியை நிறுத்தி ஒன்பது நாள்.

ஆய்வறிக்கையும் வந்துவிட்டது. மருந்துக்கடைக்கு எடுத்துப்போனேன், அந்த எண்கள் எனக்கு விளங்கா. அம்மையார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். நான் அந்நேரம் முழுதும் உரையின் முதல் வரியை மனத்துக்குள் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஈயம் வரம்புக்குள். சாயம் இல்லை. மாத்திரைக் கலப்பு இல்லை. செறிவூட்டிய தேயிலைப் பிழிவு, மருத்துவர் கேட்ட அந்த எக்ஸ்ட்ராக்ட், கரண்டிக்கு நானூறு மில்லிகிராம்.

"செய்முறைச் சீட்டைக் கொண்டாந்து பாருங்க. அதுவும் இதையேதான் சொல்லும்னு நினைக்கிறேன்" என்றார். "பொடி ஒழுங்காத்தான் இருக்கு ஐயா. டப்பாதான் பேச வேண்டியதைப் பேசலை."

டப்பா பேசவில்லை. டப்பாவில் பேசியது யார்?

மார்ச்சு 25, செவ்வாய்

மேசை இழுப்பறையின் அடியில் கிடந்தது. டப்பாவுக்கு எழுத ஆலைக்காரர் அன்று கொண்டுவந்து கொடுத்த செய்முறைச் சீட்டு, அயல்மொழியில், என் கையெழுத்துத் திருத்தங்களோடு. இன்று அதை வரி வரியாகப் படித்தேன்.

பதினோராவது பொருள்: பசுந்தேயிலையின் செறிவூட்டிய பிழிவு, நானூறு மில்லிகிராம். 'செறிவூட்டிய பிழிவு' என்பதன்மேல் என் சிவப்புக் கோடு. ஓரத்தில், என் கையால்: 'ஓசை இடறுகிறது.' எடைகள் பதினொன்றுக்கும் கோடு: 'கணக்குப் புத்தகமா இது?'

அதன் கீழ் நான்கு வரி. நாளுக்கு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். வெறும் வயிற்றில் வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளோர், கருவுற்றோர், பிற மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்கவும். கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்தவும்.

நான்கின் குறுக்கேயும் ஒரே கோடு. குறிப்பு: 'உணவை அளிக்கும் கையால் அச்சத்தை ஏன் அளிக்க வேண்டும்? நீக்குக.'

நீக்குக. என்ன கம்பீரமான சொல்.

அதோடு முடிந்ததா? மேடையில் என்ன சொன்னேன்? எழுதி வைத்திருக்கிறேன், அதே இழுப்பறையில். 'விடிந்ததும் முதல் வாய் இதுவாகட்டும். அளவு கேட்கிறான் அயலான். கீரைக்கு எவன் அளவு வைத்தான்?' அக்கா அன்றும் ஓர நாற்காலியில்தான் இருந்தாள்.

மார்ச்சு 26, அறிவன்கிழமை

ஆலைக்காரர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். சீட்டை நீட்டினேன். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். அவருக்கு இது புதிதில்லை.

நான் அடித்ததை நீ ஏன் அப்படியே அச்சிட்டாய் என்று கேட்டேன். கேட்கும்போதே கேள்வி பாதியில் வலுவிழந்தது.

"நீங்க எழுதினதை நான் திருத்தறதாண்ணே?" என்றார். பிறகு, "நாலு வரி எடுத்தா டப்பா பார்க்க அழகாவும் இருந்துச்சு" என்றார். அவரும் மறைக்கவில்லை.

யார் குற்றம் இது? சீட்டு இருந்தும் அச்சிடாதவர் குற்றமா? அச்சிடாதே என்று கோடு போட்டவன் குற்றமா? டப்பாவில் இருக்கவேண்டியது இருக்கிறதா என்று ஒருமுறையும் எட்டிப் பாராத உணவுப் பாதுகாப்பு அலுவலகமா? மூன்று பங்காகப் பிரித்தால் என் பங்கு குறையுமா என்று பார்க்கிறேன். குறையவில்லை. இதில் வியப்பு என்னவென்றால், நடுவில் ஒருவரும் தீயவர் இல்லை. தீயவன் இல்லாத உரையை எப்படிப் பேசுவது? எனக்கு அது தெரியாது.

கடைகளில் இருக்கும் டப்பாக்களைப் பற்றிக் கேட்டேன். நாற்பத்திரண்டு கடைகள் என்றார்.

மார்ச்சு 27, வியாழன்

நான்கு தாளையும் கிழித்தேன். வேறு எழுத வரவில்லை.

மார்ச்சு 29, காரிக்கிழமை

அக்கா வீடு திரும்பினாள். கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கிறது, வெளுத்த மஞ்சள். கட்டிலில் சாய்ந்திருந்தவளிடம் சீட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு முறையாவது உரை போல் அல்லாமல் சொல்ல முயன்றேன். குரல் தானாக ஏறி இறங்கியது; என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சிவப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். நாளுக்கு எத்தனை கரண்டி போட்டாய் என்று கேட்டேன்.

"மூணு. சோர்வா இருந்துச்சு, அதான் கூட்டினேன். கீரைக்கு எவன் அளவு வெச்சான்னு நீதானே கேட்டே."

என்னை நம்பிவிட்டாயே அக்கா என்றேன்.

"நம்பினேன்னு இல்லடா." சீட்டை மடித்தாள். "கேக்க நல்லா இருந்துச்சு."

இதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

நாளைக்கு மேடை ஏறவில்லை, உடல் நலமில்லை என்று சொல்லி அனுப்பப் போகிறேன் என்றேன். "உடம்பு சரியில்லாதது எனக்கு" என்றாள்.

மார்ச்சு 30, ஞாயிறு

ஏறினேன். என் வாழ்நாளின் மிக மட்டமான உரை.

விளிக்கவில்லை. கையை உயர்த்தவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு பதினொரு பொருளையும் எடையோடு படித்தேன். செறிவூட்டிய பிழிவு என்றால் என்ன என்பதை மருந்துக்கடை அம்மையார் எழுதித் தந்தபடி சொன்னேன். நான் அடித்த நான்கு வரியைப் படித்தேன். அடித்தவன் நான், என் அக்கா படுத்திருக்கிறாள் என்றும் சொன்னேன். ஆலைக்காரர் நான்காவது வரிசையில் தலை குனிந்திருந்தார்; எழுந்து போகவில்லை.

கூட்டத்துக்கு ஏமாற்றம். தீ எங்கே என்று தேடி வந்தவர்களுக்கு ஒரு மருந்துச் சீட்டு. பின்வரிசை கலையத் தொடங்கியது. யாரோ ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் ஆறு மாசமா ஒரு கரண்டி குடிக்கிறேன். குடிக்கலாமா, கூடாதா?"



தெரியவில்லை என்றேன். முப்பது ஆண்டில் மேடையில் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. மருத்துவரைக் கேளுங்கள், டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள், கேட்கும் வரை நிறுத்தி வையுங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. ஓர நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

ஏப்பிரல் 3, வியாழன்

ஆலைக்காரர் அரைப்பதை நிறுத்தியிருக்கிறார். கடைகளுக்குத் தகவல் சொல்லியாயிற்று என்கிறார். ஆனால் இரண்டு கடைக்காரர்கள் இன்னும் விற்கிறார்கள், நானே பார்த்தேன். கேட்டதற்கு ஒருவர், "நீங்க எழுதினதுதானே ஐயா இது, அழகா இருக்கே" என்றார்.

ஏப்பிரல் 10, வியாழன்

எண் தொண்ணூற்றாறு. மருத்துவர் முதன்முறையாகச் சிரித்தார். பொடிதான் காரணமா, இப்போதாவது உறுதியாகச் சொல்லுங்கள் என்றேன். "நிறுத்தினதும் இறங்குது, வேற காரணம் கிடைக்கல. அதனால பெரும்பாலும் அதுதான். அடிச்சுச் சொல்லச் சொன்னா மாட்டேன்" என்றார். எந்த மேடைச் சொற்றொடரிலும் அடங்காத விடை. அதோடு வாழப் பழக வேண்டும் போலிருக்கிறது.

அச்சகத்திலிருந்து ஒட்டுத்தாள் வந்துவிட்டது. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள், எடைகள், நான்கு வரி. மேலே, மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் மருந்துக்கடை அம்மையார் திருத்தினார். 'எச்சரிக்கை' என்பதைப் பெரிதாக்கச் சொன்னார்; பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒலி எங்கும் இடறுகிறது. ஆய்வறிக்கையும் சீட்டும் உரிய அலுவலகத்துக்குப் போய்விட்டன, என் பெயரோடும் ஆலைக்காரர் பெயரோடும். அவர்கள் வரும்வரை கடைகளில் கிடப்பதை நாங்களே எடுக்கிறோம். எடுக்கவிடாத கடையில் ஒட்டுகிறோம். இருபத்தைந்து முடிந்தது.

அக்கா காலையிலிருந்து முன்னறையில் உட்கார்ந்து ஒட்டுத்தாளைத் துணி வெட்டும் கத்தரியால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக வருகிறது. கழுத்தெலும்பு இன்னும் துருத்தித் தெரிகிறது. பாதித் தோசை தின்றாள். வெளியே ஆலைக்காரரின் வண்டி வந்து நிற்கிறது. எனக்கோ, முப்பதாம் நாள் அந்த மனிதர் கேட்டதற்கு இன்னும் தெளிவாக எப்படி விடை சொல்லியிருக்கலாம் என்று இங்கே எழுதிப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. ஒருவேளை இப்படித் தொடங்கியிருந்தால்

"டேய், எழுதினது போதும். பசை காயுது. எழுந்திரு, இன்னும் பதினேழு கடை இருக்கு."